தறிக்கூடத்து ஞாயிறு

செக்கடிப்பேட்டை, நகரி வழி
12-6-1956

அண்ணன் உமாபதி அவர்களுக்குத் தங்கை கன்னியம்மாள் எழுதிக்கொண்டது.

கடிதத்தின் தலையில் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறேன். என் வழக்கப்படி எழுதினால் படிக்காமலே கிழித்துப் போடுவீர்கள். உங்கள் வழக்கப்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. அதனால் காலியாகவே இருக்கட்டும்.

நானும் உங்கள் மைத்துனரும் ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து நீங்கள் இந்த வாசலை மிதிக்கவில்லை. அவர் செத்தபோதும், போதகர் வந்து அடக்கம் செய்கிறார் என்று கேள்விப்பட்டுத் திருப்பதியிலேயே இருந்துவிட்டீர்கள். அதைக் கேட்க இந்தக் கடிதம் இல்லை. அதற்கெல்லாம் அப்போதே அழுது முடித்தாயிற்று.

தாசில்தார் கச்சேரியிலிருந்து எனக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. தெலுங்கில் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். என் தறிக்கூடத்தில் சர்க்கார் அனுமதி இல்லாமல் பொது ஆராதனை நடக்கிறதாம், ஏன் நிறுத்தக் கூடாது என்று காரணம் சொல்ல வேண்டுமாம்.

தறிக்கூடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். முன்பக்கம் குழித்தறிகள், பின்பக்கம் நான் படுக்கிற அறை. ஞாயிற்றுக்கிழமை தறியை நிறுத்திவிட்டு, தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்து ஜெபம் செய்வோம். வருகிறவர்கள் என்ன, ஊர்க் கூட்டமா? தார் நூல் சுற்றுகிற செங்கம்மா, என் தறியில் நெய்கிற கோவர்த்தனன், அவன் பெண்சாதி ரத்னம்மா, இன்னும் கீழத்தெருவிலிருந்து இரண்டு மூன்று குடும்பம். மாதம் ஒரு தரம் புத்தூரிலிருந்து போதகர் ரயிலில் வருவார். இவ்வளவுதான் எங்கள் கோயில்.

இத்தனை வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறீர்கள். தங்கச்சிக்குச் சொல்ல வேண்டாம், ஒரு கட்சிக்காரிக்குச் சொல்லுங்கள். என் கொட்டகையில் உட்கார்ந்து என் ஆண்டவரைக் கும்பிட நான் யாரைக் கேட்க வேண்டும்?

எஸ்தர் கன்னியம்மாள்


சிவமயம்

திருப்பதி
21-6-1956

கன்னியம்மாளுக்கு,

உன் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. கையெழுத்தில் புதிதாகச் சேர்த்திருக்கிற பெயரை மட்டும் படிக்கவில்லை.

நீ சொன்னபடியே வக்கீலிடம் ‘ஒரு கட்சிக்காரர்’ என்று சொல்லித்தான் கேட்டேன். என் தங்கை என்று சொல்லவில்லை. அவர் சொன்னதை எழுதுகிறேன். இந்த தேசத்தில் யாரும் தன் மனசுக்குப் பிடித்த மதத்தைக் கைக்கொள்ளலாம், நடத்தலாம், பரப்பலாம் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. ஆனால் பொது அமைதிக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு என்று அதே வரியில் எழுதியிருக்கிறது. சட்டத்தில் கொடுக்கிற கை ஒன்று, பிடித்துக்கொள்கிற கை ஒன்று. அது தவிர, ஒரு கட்டடத்தைப் பொது வழிபாட்டுக்கு வைத்துக்கொள்வதென்றால் முன்னாலேயே ஜில்லா அதிகாரியின் அனுமதி வாங்க வேண்டும். நீ வாங்கவில்லை.

உன் இடத்தில் இன்னொரு சிக்கல். அது தறிக்கூடம் என்றால் அங்கே ஆராதனை கூடாது. கோயில் என்றால் அங்கே தறி கூடாது, சங்கத்திலிருந்து நூலும் கிடைக்காது. இரண்டும் ஒன்றுதான் என்று எழுத அவர்கள் காகிதத்தில் இடமே இல்லை.

எதிலும் கையெழுத்துப் போடாதே. புகார் கொடுத்தது யார், ஏன் கொடுத்தார்கள் என்று முதலில் எழுது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நாலு பேர் ஜெபம் செய்தால் ஊரில் ஒருவன் மெனக்கெட்டுக் கச்சேரிக்கு நடக்கமாட்டான். நீ வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கமாட்டாய். உன்னைத் தெரியும்.

உமாபதி


செக்கடிப்பேட்டை
2-7-1956

அண்ணனுக்கு,

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லைதான். யார் தங்கச்சி நான்?

புகார் கொடுத்தது நெசவாளர் சங்கத் தலைவர் திருவேங்கடம் மாமா. விஷயம் ஜெபம் இல்லை, அமாவாசை. இந்தப் பேட்டையில் அமாவாசை அன்று ஒரு தறியும் ஓடாது, உங்களுக்குத் தெரியாததா? நாங்கள் ஞாயிறு நிறுத்த ஆரம்பித்தபின், அமாவாசைக்கும் நிறுத்தினால் எப்படிக் கட்டுப்படியாகும் என்று ஓட்ட ஆரம்பித்தோம். ஊரே அடங்கிக் கிடக்கும்போது எங்கள் கொட்டகைச் சத்தம் மட்டும் தெருக்கோடி வரை கேட்டது. மாமா வாசலில் வந்து நின்றார்.

“இன்னா கன்னியம்மா, ஊரே அமாவாசன்னு தறிய நிறுத்திக்கினு கீது. உன் தறி மட்டும் ஓடிக்கினு கீதே? பொன்னியம்மா சாமி காதுல உழாதா?”

“ஞாயித்துக்கெழம உங்க தறிச் சத்தம் எங்க ஜெபத்துல வந்து உழுதே மாமா, நாங்க உங்க வாசல்ல வந்து நின்னமா?” என்றேன்.

“சங்கத்து நூலு துன்னுக்கினு சங்கத்து வழக்கத்த மீறுவியா நீ?” என்று கத்திவிட்டுப் போனார். அடுத்த வாரம் நோட்டீஸ்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு யாராவது சொல்லிக் கேள்விப்படுவீர்கள். என் தறியில் நெய்கிற ருக்மணி நம் பழைய வழக்கத்துப் பெண். அமாவாசைக்கு லீவு கேட்டாள். “எனக்கு பயமாக் கீதுக்கா, மிதி மேல கால் வெக்கவே மனசு வர்ல” என்றாள். நான் கொடுக்கவில்லை. ஆளுக்கொரு நாள் நிறுத்தினால் தறிக்கூடம் எப்படி நடக்கும்? அவள் அழுதுகொண்டே நெய்துவிட்டுப் போய் மாமாவிடம் சொல்லியிருக்கிறாள்.

எஸ்தர் கன்னியம்மாள்


சிவமயம்

திருப்பதி
10-7-1956

கன்னியம்மாளுக்கு,

உன் மனசாட்சிக்கு அரசியல் சட்டம் வேண்டும், ருக்மணியின் மனசாட்சிக்கு உன் தறிக்கூடத்துக் கணக்கு போதும். நன்றாயிருக்கிறது உன் நியாயம். முதலில் அந்தப் பெண்ணுக்கு அமாவாசை லீவு கொடு. வழக்குக்காகச் சொல்லவில்லை. நம் நைனா இருந்திருந்தால் உன்னை என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்.

இப்போது வழி சொல்கிறேன். கவனமாகப் படி, வேண்டுமானால் இரண்டு தரம் படி. பொது வழிபாட்டுக்குத்தான் அனுமதி வேண்டும். ஒருத்தி தன் வீட்டில் தன் குடும்பத்தோடு ஜெபம் செய்ய எந்த அதிகாரியின் அனுமதியும் வேண்டாம். உன் படுக்கையறையும் தறிக்கூடமும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. அது உன் வீடு. கோவர்த்தனன் உன் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை. கீழத்தெருக்காரர்கள் எல்லாம் எப்படியும் ஏதாவது முறை ஆவார்கள், நம் பேட்டையில் யார்தான் யாருக்கு முறை இல்லை? செங்கம்மா உன் வீட்டில் சாப்பிட்டு வேலை செய்கிறவள், குடும்பத்தில் சேர்த்தி.

தாசில்தார் விசாரணைக்கு வருவார். நல்ல மனுஷர் என்று கேள்வி. என்ன கேட்டாலும் ஒரே பதில்: ‘இது குடும்ப ஜெபம், வெளியார் யாரும் வருவதில்லை, வரவும் விடமாட்டோம்.’ இதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே. இவ்வளவு சொன்னால் நோட்டீஸ் அங்கேயே செத்துப்போகும்.

உமாபதி


செக்கடிப்பேட்டை
18-9-1956

அண்ணனுக்கு,

ருக்மணிக்கு லீவு கொடுத்துவிட்டேன். நீங்கள் திட்டியது சரிதான். ஆனால் அவள் அதற்குள் வேறு தறிக்குப் போய்விட்டாள். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

விசாரணை முடிந்தது. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், படித்துவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

தாசில்தார் நல்ல மனுஷர்தான். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். தறிகளைச் சுற்றிப் பார்த்தார். செங்கம்மா மோர் கொடுத்தாள், குடித்தார். தெலுங்கில்தான் பேசினார், எங்களுக்கும் தெலுங்குப் பேச்சு புரியும் என்பதால் ஒன்றும் கஷ்டமில்லை. நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே நான், “குடும்ப ஜெபங்க, வெளியாளு யாரும் வர்றதில்ல” என்றேன். அவர் எழுதிக்கொண்டார். பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

எழுந்து போகிறவர் திரும்பி, சிரித்துக்கொண்டே கேட்டார். “ஆதிவாரம் நேனு வஸ்தே தலுபு மூசேஸ்தாவா அம்மா?”

ஞாயிற்றுக்கிழமை நானே வந்தால் கதவைச் சாத்திவிடுவாயா என்று கேட்கிறார். என் வீட்டு மோரைக் குடித்துவிட்டு, என் வாசலில் நின்றுகொண்டு கேட்கிறார். அண்ணா, ஆமாம் சாத்திவிடுவேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

“ஐயோ, ஏன் சாத்துறேன்? வாங்க சாமி. யார் வந்தாலும் வாங்கன்னுதான் சொல்வோம்” என்றேன்.

அதோடு விட்டேனா? செங்கம்மாவும் சேர்ந்துகொண்டாள். “பெத்தவங்களயும் இட்டுக்கினு வாங்க சாமி, எல்லாருக்கும் எடம் கீது” என்றாள். கோவர்த்தனன் சந்தோஷத்தில் ஸ்தோத்திரம் சொன்னான். ஒரு அதிகாரி எங்கள் ஜெபத்துக்கு வருகிறேன் என்கிறார், எங்களுக்கு அது போதாதா?

அவர் பேனாவைத் திரும்ப எடுத்தார். எழுதும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. “தப்பம்மா தப்பு” என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். எங்களைச் சொன்னாரா, தன்னைச் சொன்னாரா தெரியவில்லை.

எஸ்தர் கன்னியம்மாள்


சிவமயம்

திருப்பதி
4-10-1956

கன்னியம்மாளுக்கு,

உத்தரவு நகல் பார்த்தேன். ‘யார் வந்தாலும் அனுமதிப்போம் என்று வீட்டுக்காரியே ஒப்புக்கொண்டதால் இது பொது வழிபாட்டு இடம்.’ உன் வாக்குமூலம் ஒன்றே போதுமாயிருந்தது. சாட்சிகூட வேண்டியிருக்கவில்லை. அனுமதி கிடைக்கும்வரை தறிக்கூடத்தில் ஆராதனை கூடாது. மீறினால் கொட்டகையைத் தறிகளோடு பூட்டி முத்திரை வைப்பார்கள்.

எனக்கு வந்த கோபத்தில் ராத்திரி சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, ‘சாத்துவேன்’ என்று சொல்லியிருந்தால் போதும். அவர் ஒன்றும் உன் வீட்டு விருந்தாளி இல்லை. விசாரிக்க வந்த அதிகாரி. விருந்துக்குக் கூப்பிடுகிற நேரமா அது? சின்ன வயசிலிருந்து நீ இப்படித்தான். பிச்சைக்காரன் வந்தால் அடுப்பில் இருக்கிறதைத் தூக்கிக் கொடுத்துவிட்டு எல்லாரையும் பட்டினி போடுவாய்.

அனுமதிக்கு விண்ணப்பம் எழுதி அனுப்பியிருக்கிறேன், கீழே கையெழுத்துப் போட்டுத் தபாலில் சேர்த்துவிடு. இதில் மட்டும் அந்தப் புதுப் பெயரையும் சேர்த்தே போடு, அவர்கள் பதிவில் அப்படித்தான் இருக்கிறது. ஊரார் ஆட்சேபணை கேட்பார்கள். போலீஸ் அறிக்கை கேட்பார்கள். திருவேங்கடம் மாமா ‘கலகம் வரும்’ என்று எழுதிக் கொடுப்பார். கலகம் செய்யப்போகிறவனே கலகம் வரும் என்று எழுதிக் கொடுத்தால், அதைப் பொது அமைதி என்று கோப்பில் போட்டுக்கொள்வார்கள். ஆனாலும் வேறு வழியில்லை.

உமாபதி


செக்கடிப்பேட்டை
23-2-1958

அண்ணனுக்கு,

விண்ணப்பம் போட்டு வருஷம் ஒன்று தாண்டிவிட்டது. போய்க் கேட்டால், எங்கள் பேட்டை ஆந்திராவில் இருக்குமா, மதராஸ் ராஜ்யத்துக்குப் போகுமா என்று எல்லைத் தகராறு தீரட்டும், இந்தப் பக்கத்துக் கோப்பு எதையும் இப்போது தொடமாட்டோம் என்கிறார்கள். வரி கேட்க மட்டும் எந்தத் தகராறும் குறுக்கே நிற்கவில்லை.

சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் ஒரு தந்திரம் செய்தோம். ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓட்டுவது, ஓட்டிக்கொண்டே பாடுவது. வேலை செய்கிறவன் பாடக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லையே? ஊர்த் தலையாரி எட்டிப் பார்த்தார். எல்லார் கையும் தறி நாடாவில், எல்லார் வாயிலும் பாட்டு. திரும்பிப் போய்விட்டார். அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பு! ஆனால் புத்தூர்ப் போதகர் வந்தவர், ஓய்வு நாளில் தறி ஓட்டுவது என்ன ஆராதனை என்று எங்களைக் கடிந்துகொண்டார். சட்டத்துக்குப் பயந்து வேலை செய்தால் ஆண்டவருக்கு ஆகவில்லை, ஆண்டவருக்குப் பயந்து உட்கார்ந்தால் சட்டத்துக்கு ஆகவில்லை. அதையும் நிறுத்திவிட்டோம்.

இப்போது வேறு ஒரு தொல்லை. பாவு நூலைத் தெருவில் விரித்துக் கஞ்சி போட்டு, வெயில் ஏறுவதற்குள் ஆற்றி எடுக்க எத்தனை கை வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே வந்து நிற்கும், அடுத்த நாள் அவர்கள் வீட்டுப் பாவுக்கு நாம் போய் நிற்போம். போன மாதத்திலிருந்து எங்கள் பாவுக்கு யாரும் வருவதில்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. கூப்பிட்டால், “இதோ வர்றேன்” என்கிறார்கள், வருவதில்லை. நானும் கோவர்த்தனனும் ரத்னம்மாவும் செங்கம்மாவும் நின்று இழுத்தோம். பாதி இழுப்பதற்குள் மீதி காய்ந்து இழை இழையாக அறுந்துபோனது. ருக்மணி தன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

இதற்கு ஏதாவது சட்டம் உண்டா?

எஸ்தர் கன்னியம்மாள்


சிவமயம்

திருப்பதி
3-3-1958

கன்னியம்மாளுக்கு,

இல்லை.

பக்கத்து வீட்டுக்காரனை உன் பாவுக்கு வந்து நில் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லாது.

உமாபதி


சிவமயம்

திருப்பதி
27-1-1960

கன்னியம்மாளுக்கு,

வெகுநாள் கழித்து ஒரு நல்ல சேதி எழுதுகிறேன். எல்லை முடிவாகிவிட்டது. வருகிற ஏப்ரல் முதல் தேதியிலிருந்து செக்கடிப்பேட்டை மதராஸ் ராஜ்யத்தில் சேருகிறது. சித்தூர் போயிருந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டேன். புது அதிகாரிகள், புதுக் கச்சேரி, எல்லாம் தமிழில் நடக்கும். பழைய கதை எதுவும் தெரியாதவர்கள். உன் விண்ணப்பத்தைத் தூசி தட்டி எடுத்துப் புதிதாகப் பார்ப்பார்கள்.

நான் இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று ஆகிறது. அதில் ஒன்றும் புதிதில்லை. என்றாலும் தேசப்படத்தில் புது எல்லைக்கோட்டைப் பார்த்தபோது என்னவோ போல் இருந்தது.

உமாபதி


செக்கடிப்பேட்டை
20-6-1960

அண்ணனுக்கு,

புதுக் கச்சேரிக்குப் போய் வந்தேன். முன்னே ‘இல்லை’ என்பதைத் தெலுங்கில் சொன்னார்கள், இப்போது தமிழில் சொல்கிறார்கள். கேட்டதும் புரிந்துவிடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் விண்ணப்பம் வந்து சேரவில்லையாம். அது பழைய ராஜ்யத்தில் முடிவாகாமல் கிடந்த காகிதம், இங்கே செல்லாது, முதலிலிருந்து போடு என்கிறார்கள். சரி, அப்படியானால் அந்தத் தடை உத்தரவும் பழைய ராஜ்யத்தினுடையதுதானே, அதுவும் செல்லாது அல்லவா என்று கேட்டேன். குமாஸ்தா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “உத்தரவு செல்லும்மா. ஏற்கெனவே போட்ட உத்தரவெல்லாம் இங்கயும் செல்லும்னு சட்டத்துலயே கீது” என்றார். நான் கேட்டது மட்டும் எல்லையில் நின்றுவிட்டது, அவர்கள் மறுத்தது ரயிலேறி வந்துவிட்டது.

புது விண்ணப்பமும் கொடுத்தேன், இப்போதே பதில் சொல்லுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அதிகாரி எழுதிக் கொடுத்தார். பொது வழிபாட்டுக்கு இந்த இடம் தகுதியில்லை. வீட்டுக்காரியும் அவள் குடும்பத்தாரும் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்கத் தடையில்லை. முறை, உறவு என்று சொல்லிக்கொண்டு வேறு யார் வந்தாலும் கொட்டகை பூட்டப்படும்.

கோவர்த்தனனும் ரத்னம்மாவும் போன மாதமே புத்தூருக்குக் குடிபோய்விட்டார்கள். அங்கே கோயில் இருக்கிறது, கூலியும் இருக்கிறது. கீழத்தெருக் குடும்பங்கள் எல்லாம் திரும்பவும் பழைய வழக்கத்துக்கே போய்விட்டன. அவர்கள் பாவுக்கு இப்போது தெரு முழுக்க வந்து நிற்கிறது. செங்கம்மா மட்டும் பாக்கி. அவளும், “நான் வந்தா உன் தறிய பூட்டுவானுங்க கன்னியம்மா, நான் வரல” என்று எதிர் வரிசையில் தன் வாசலில் உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே கண்ணை மூடிக்கொள்வாள். போன வாரம் அவள் மகன் வந்து சத்தியவேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஒரே ஒரு தறி ஓடுகிறது. அதில் நான் நெய்கிறேன்.

எனக்குக் குழந்தை இல்லை. வீட்டுக்காரர் இல்லை. நைனா, அம்மா போய்ச் சேர்ந்தார்கள். குடும்பத்தார் வரலாம் என்று சட்டம் சொல்கிறது. சட்டம் ஒத்துக்கொள்கிற என் குடும்பம் நீங்கள் ஒருவர்தான், அண்ணா. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். ஜெபம் செய்ய வேண்டாம். பேச வேண்டாம். உங்கள் விபூதியைப் பூசிக்கொண்டே வந்து, சும்மா ஒரு தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருங்கள். ஒருத்தியே பாடினால் எனக்கே என் குரல் பயமாக இருக்கிறது.

எஸ்தர் கன்னியம்மாள்


சிவமயம்

திருப்பதி
1-7-1960

கன்னியம்மாளுக்கு,

வர இயலாது.

என் மகள் தாட்சாயணிக்குச் சித்தூரில் இடம் அமைந்திருக்கிறது. பையன் பள்ளிக்கூட உபாத்தியாயர். ரொம்ப ஆசாரமான குடும்பம். பெண்ணுக்கு அத்தை உண்டா என்று விசாரித்தார்கள். எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். ஒரு பெண்ணைப் பெற்றவன் வேறு என்ன சொல்வான்? இதை வேறு யாராவது சொல்லி நீ கேட்பதைவிட நானே எழுதிவிடுவது மேல் என்று எழுதுகிறேன்.

இனி வழக்கு விஷயம் இருந்தால் மட்டும் எழுது.

உமாபதி


செக்கடிப்பேட்டை
8-8-1960

வக்கீல் குமாஸ்தா உமாபதி அவர்களுக்கு,

வழக்கு விஷயம்தான்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. உத்தரவில் சொல்லியிருக்கிறபடி கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டு தனியாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டில் யாரோ கதவைத் தட்டினார்கள். நிறுத்திவிட்டேன். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ஒரு சத்தமும் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் தட்டினார்கள். தலையாரியாகத்தான் இருக்கும், நான் யாரையாவது உள்ளே விடுகிறேனா என்று சோதிக்க வந்திருப்பார் என்று நினைத்தேன். தறியில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு விடாமல் நின்றேன். போய்த் திறக்கவில்லை. வெகுநேரம் கழித்துக் கால் சத்தம் தெருவில் போனது.

வாசலுக்கு வந்தவர்களை நான் திருப்பி அனுப்பியது என் ஆயுசில் இதுதான் முதல் தடவை. நீங்கள் அப்போது சொல்லிக்கொடுத்ததை இப்போதுதான் படித்திருக்கிறேன். சந்தோஷப்படுங்கள்.

தலையாரி தட்டும்போது திறக்காமல் இருந்தால் அது குற்றமா? அதற்காக ஏதாவது நோட்டீஸ் வருமா? இதை மட்டும் ஒரு கார்டில் எழுதினால் போதும்.

எஸ்தர் கன்னியம்மாள்


சிவமயம்

திருப்பதி
14-8-1960

தங்கச்சிக்கு,

குற்றம் இல்லை. நோட்டீஸ் வராது. தட்டியது தலையாரி இல்லை. நான்.

சித்தூரில் ஒரு காகித வேலை இருக்கிறது என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு ரயிலேறினேன். நகரியில் இறங்கி நடந்து வந்தேன். பேட்டையில் யாருக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. தறிக்கூடத்தை நெருங்கும்போது உன் பாட்டு கேட்டது. அது உன் குரல் என்றே முதலில் நம்ப முடியவில்லை. ரொம்பத் தேய்ந்துபோயிருக்கிறது.

தட்டினேன். பாட்டு நின்றது. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் திறந்திருப்பாய், எனக்குத் தெரியும். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது? பழைய பெயரைச் சொன்னால், இன்னும் இவர் மாறவில்லை என்று நீ நினைப்பாய். புதுப் பெயர் என் வாயில் வரவில்லை. இரண்டுக்கும் நடுவே நின்றுகொண்டு மறுபடியும் தட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம் நீ மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது எனக்குத் தெரிந்தது. தட்டுவது நான் என்று தெரிந்துகொண்டுதான் நீ திறக்கவில்லை, உடன்பிறந்தவள் இல்லை என்று சொன்னவனுக்கு இது சரியான மரியாதை என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதேன். இந்த வயதில்.

அந்தக் கதவைச் சாத்தச் சொன்னவன் நான்தான் கன்னியம்மா. யாருக்கும் திறக்காதே என்று பக்கம் பக்கமாக எழுதியவன் நான்.

இனி ஒரு தரம் வருவேன் என்று எழுத ஆசை. எழுதினால் பொய்யாகிவிடும். ஆவணியில் கல்யாணம். அதற்குப் பிறகு சம்பந்தி வீட்டுக் கண் என் மேலேயே இருக்கும். அன்றைக்கு எங்கிருந்தோ வந்த துணிச்சல், அது ஒரு நாளைக்குத்தான் போதுமானதாக இருந்தது.

உமாபதி


செக்கடிப்பேட்டை
28-8-1960

அண்ணா,

உங்கள் கடிதத்தைப் படித்தபின் இரண்டு ஞாயிறாகக் கதவைச் சாத்துவதில்லை. இரண்டு பலகையையும் விரியத் திறந்து, கல்லை முட்டுக் கொடுத்து வைத்துவிட்டேன். உத்தரவு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டு போகட்டும். பூட்டினால் பூட்டிக்கொள்ளட்டும், ஒரு தறிதானே. தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தமாகத்தான் பாடினேன். யாராவது புகார் கொடுப்பார்கள், அதிகாரி வருவார், அவரையும் வாங்க என்று கூப்பிடலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

திருவேங்கடம் மாமா கடைக்குப் போகிறவர் வாசலைத் தாண்டித்தான் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. ருக்மணி தண்ணீர் எடுத்துக்கொண்டு போனாள். தலையாரி எதிரில் இருக்கிற மரத்தடியில் நின்று பீடி குடித்துவிட்டு, உள்ளே நான் ஒருத்தி மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு, அவர் வழியில் போய்விட்டார்.

கதவு திறந்துதான் இருக்கிறது, அண்ணா. யாரும் வரவில்லை. தடுக்கக்கூட யாரும் வரவில்லை.

கன்னியம்மாள்